பாக்கியம் அக்காவின் கீழ் டிராயர்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பழைய கம்ப்யூட்டர் முறையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுகிறார்கள். அந்த வேலையை எடுத்திருக்கும் மதுரைக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் சில மாதங்களுக்கு முன் எனக்குப் போன் செய்தான். பழைய டேட்டாபேஸின் டேபிள்களைப் பற்றிச் சில சந்தேகங்கள் கேட்டான், சொன்னேன். போனை வைக்கப் போகும்போது, "சார், அந்தக் காலத்துலயே ஒரு குடும்பத்து ரெக்கார்டு எல்லாத்தையும் ஒரே நம்பர்ல அழகா கட்டியிருக்கீங்க. இவ்வளவு சுத்தமான டிசைன நான் எதிர்பார்க்கல" என்றான். நன்றி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த டிசைனால் என்ன நடந்தது என்று என் மனைவிக்குக்கூட முழுதாகத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதனால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன். அவள் ஊர் புதூர்ப் பக்கம் என்பதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

நான் கணக்கில் பட்டம் வாங்கியவன். திருநெல்வேலியில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்தேன், சில வருஷம் அங்கேயே சொல்லிக்கொடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டிக்கு வந்தேன். தீப்பெட்டித் தொழிலில் இருந்த சில குடும்பங்கள் சேர்ந்து அறக்கட்டளையாக நடத்திய ஆஸ்பத்திரி அது. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு ஆள் மட்டுமே ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்கும் இடத்தில் அவனுக்கு வரும் திமிர் எனக்கும் வந்தது.

மேனேஜர் வேலாயுதம் சார், தாலுகா ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்தித்தான் படிப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக அவர் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவோம். யாருக்காவது நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கு ஏதோ ஆகப் போகிறது என்று அர்த்தம். அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "எழுத்துல இருக்கா?"

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை ரெக்கார்டு ரூமைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் பாக்கியம் அக்கா. அப்போது அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். கணவர் இல்லை, ஒரு மகள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆயாவாகச் சேர்ந்து, அட்டைகளை எடுத்துக்கொடுத்துப் பழகி, அந்த அறைக்கே பொறுப்பானவர்.

அவர் வேலை செய்வதை ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. ஒரு வீட்டு அட்டைகளையெல்லாம் சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டி, ஊர்வாரியாக இரும்பு அலமாரியில் அடுக்கியிருப்பார். நோயாளி வந்து நின்றதும் ஊரையும் வீட்டுப் பெரியவர் பெயரையும் கேட்பார். எழுந்துபோவார், தேடாமல் கட்டை எடுத்துவந்து அவிழ்ப்பார். தீப்பெட்டி ஒட்டும் ஆபீஸிலிருந்து வரும் பெண்களின் அட்டைகளில் பசை ஒட்டியிருக்கும், அதை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் டாக்டருக்கு அனுப்புவார்.

மேஜையின் கீழ் டிராயரில் நாடா கட்டாத அட்டைகள் கொஞ்சம் இருந்தன. எல்லாம் பெண்களுடையவை. சில பெண்களை மட்டும் அவர் எடை பார்க்கும் சாக்கில் ஓரமாகக் கூப்பிட்டு, மெல்ல ஏதோ கேட்பார். அவர்களின் அட்டை கட்டுக்குப் போகாமல் டிராயருக்குப் போகும்.

"இது என்னக்கா, தனியா?" என்று கேட்டேன்.

"இதுக எல்லாம் வீட்டுக்குத் தெரியாம வருதுக தம்பி. ஒண்ணு காப்பர் டி வச்சிருக்கும். ஒண்ணு அடி வாங்கிட்டு வந்திருக்கும். ஒண்ணு ராத்திரி தூக்கம் வரலன்னு மாத்திரைக்கு வரும். வீட்டுக் கட்டுல போட்டா, அடுத்த வாட்டி மாமியாக்காரி வரும்போது இதுவும் சேர்ந்து மேசைக்கு வந்துருமில்லா? அதான் தனியா போட்டிருக்கேன். உங்க கம்ப்யூட்டர்லயும் இத வீட்டோட சேத்துராதீங்க. எழுதிக்கோங்க."

தலையாட்டினேன். எழுதிக்கொள்ளவில்லை. அந்த அட்டைகளில் மற்ற அட்டைகளைப் போலவே ஊர், கணவர் பெயர் எல்லாம் இருந்தன. தனி என்று எங்கேயும் குறிப்பு இல்லை. அது டிராயரில் கிடப்பது மட்டும்தான் குறிப்பு. அட்டையில் இல்லாத ஒன்றை நான் எதற்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்று டேபிள் போட்டேன். முதலில் குடும்பம்: ஒரு வீட்டுக்கு ஒரு எண். அடுத்தது ஆட்கள்: ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, அதில் அவர் எந்தக் குடும்ப எண்ணைச் சேர்ந்தவர் என்று இருக்கும். மூன்றாவது வருகை: யார், எந்தத் தேதி, எதற்காக வந்தார்கள். ஒரு குடும்ப எண்ணைத் தட்டினால் அந்த வீட்டின் அத்தனை பேரும், அவர்கள் வந்த விவரமும் ஒரே தாளில் வந்துவிடும். குடும்ப எண் இல்லாமல் ஒரு ஆளைப் பதிய முடியாது என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தேன். பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எந்த வரியும் அநாதையாகக் கிடக்கக் கூடாது.

டாக்டருக்காக அடிக்கும் அந்தத் தாளோடு பிரிண்டரில் கார்பன் வைத்ததால் இரண்டாவது தாள் சும்மா கிடைத்தது. அதை நோயாளி கையிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த முறை எண்ணைத் தேட வேண்டாம் என்பது என் யோசனைதான். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

என்னென்ன வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் இங்கிலீஷில் எழுதினேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மேனேஜர் வைத்த முறை. பாக்கியம் அக்காவிடம் கொண்டுபோனேன். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "அந்தக் கீழ் டிராயர் சமாச்சாரம் இதுல இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்குக்கா. போடுங்க."

போட்டார். அந்த நோட்டில் அது இல்லை. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை வைத்துப் பல வருஷம் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன், முடியவில்லை.

அட்டைகளைப் பதிய இரண்டு பெண்களை வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் அலமாரி காலியானது. அக்கா டிராயரைக் கடைசி வரை கொடுக்கவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"இதுக்கு வீட்டு நம்பர் வேண்டாம்னேனே தம்பி."

"நம்பர் இல்லேன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாதுக்கா."

கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பிடிவாதமும் கிடையாது. அதை ஏற்றுக்கொள்ளாதபடி செய்து வைத்தவன் நான்.

"அப்பம் அந்தத் தாளுல வருமா?"

"அது வராம நான் பாத்துக்கிடுதேன்."

டிராயரை இழுத்து, அட்டைகளை இரண்டு கையாலும் அள்ளி என்னிடம் கொடுத்தார். பதிகிற பெண்கள் ஊரையும் கணவர் பெயரையும் பார்த்து, அந்தந்தக் குடும்ப எண்ணைச் சரியாகப் போட்டார்கள்.

தொடங்கிய சில வாரத்திலேயே எனக்குப் பெரிய பேர் கிடைத்தது. காய்ச்சலுக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளையின் தாளில் அதன் தாத்தாவுக்கு டி.பி. என்று இருந்ததைப் பார்த்து, டாக்டர் உடனே சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிள்ளைக்கும் இருந்தது, சீக்கிரம் கண்டுபிடித்ததால் தப்பித்தது. அறக்கட்டளைக் கூட்டத்தில் மேனேஜர் என் பேரைச் சொன்னார். அந்த மகிழ்ச்சியில் நான் பாக்கியம் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு மறந்தே போனது.

முத்துமாரிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். அடுத்தடுத்து மூன்று பெண் பிள்ளைகள். கணவன் ஆந்திரப் பக்கம் ஒரு முறுக்குக் கடையில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவான். மாமியார் பேரன் வேண்டும் என்று நின்றார். மூன்றாவது பிரசவத்தில் இவளுக்கு ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது. இன்னும் மூன்று வருஷமாவது பிள்ளை கூடாது என்று லேடி டாக்டர் சொன்னதை மாமியார் காதில் வாங்கவில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த ஒரு நாளில் அவள் காப்பர் டி வைத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாது என்று பாக்கியம் அக்கா அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்து, அவள் அட்டையையும் கீழ் டிராயரில் வைத்திருந்தார்.

அந்த மாமியார் மூட்டுவலிக்காக வந்தார். தாள் அடித்துக் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்க அந்தத் தாளை நீட்டியிருக்கிறார். கடைக்காரர் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. தாளில் இருந்ததைப் படித்து, "உங்க மருமக காப்பர் டி வச்சிருக்காள்லா, அதையும் போட்டிருக்காவ" என்று சொல்லியிருக்கிறார்.

கணவன் ஊருக்கு வந்திருந்த சமயம் அது. இரண்டு நாள் கழித்துக் காலையில் மூன்று பேரும் வந்தார்கள். கூட்டம் நிறைந்திருந்த நேரம். மாமியார் நேரே பாக்கியம் அக்காவின் மேஜைக்குப் போய் நின்றார்.

"ஏட்டி, எம் மருமவளுக்கு எங்களுக்குத் தெரியாம வச்சு விட்டவ நீதானா? எங்க குடும்பம் தழைக்கக் கூடாதுன்னு உனக்கு யாரு கூலி குடுத்தா?"

மகன், "எம்மா, மெதுவா பேசு" என்றான். ஆனால் அவன் முகமும் நன்றாக இல்லை. முத்துமாரி சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவள் மாமியாரையோ கணவனையோ பார்க்கவில்லை. பாக்கியம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அறைக்கும் அந்த மேஜைக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். நான் வெளியே போகவில்லை. கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, ஏதோ முக்கியமான வேலையில் இருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

லேடி டாக்டர் முத்துமாரியை மட்டும் உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். "எடுத்துருங்கம்மா" என்ற ஒன்றைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை என்று நர்ஸ் பிறகு சொன்னார். எடுத்துவிட்டார்கள்.

மதியம் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பாக்கியம் அக்காவைப் பார்த்து, "உக்காருங்க" என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி யாருக்கு என்று பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வந்தது நிம்மதிதான்.

"அந்த அட்டைய ஏன் மத்ததோட சேத்துப் பதியக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"தனியா இருக்கணும்னு தம்பிகிட்ட சொன்னேன் சார். ரெண்டு மூணு வாட்டி சொன்னேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "எழுத்துல இருக்கா?"

நான் அந்த நோட்டை எடுத்துவந்து அவர் முன் வைத்தேன். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். நான்கு பக்கம். அவ்வளவு நேரமும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைசிப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்துக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்தார்.

"இதுல இல்லையே."

"இல்ல சார்" என்றேன்.

பாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அடுத்து ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பவரைப் போலப் பார்த்தார். நான் சொல்லவில்லை. பிறகு அவர் மேனேஜரிடம், "எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது சார்" என்றார்.

மறுநாளே அவரைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை எண்ணி வாங்கி அடுக்குகிற வேலை. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். வராந்தாவில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். முன்பெல்லாம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், அதற்குப் பிறகு சார் என்றார்.

அந்தத் தவற்றைச் சரிசெய்ய எனக்கு அரை நாள் ஆனது. தனியாக இருக்க வேண்டியவர்களுக்கு ஒரு ஆள் மட்டுமே உள்ள புதுக் குடும்ப எண் ஒன்றைக் கொடுத்தேன். வீட்டுத் தாளில் அவர்கள் வரமாட்டார்கள். நோயாளிக்குத் தாள் கொடுப்பதையும் நிறுத்தினேன். அரை நாள் வேலை. அதை முதலிலேயே செய்திருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. அந்த மாற்றத்துக்கும் மேனேஜர் என்னைத்தான் பாராட்டினார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை முத்துமாரி வீட்டுக் குடும்ப எண்ணைத் தட்டிப் பார்ப்பேன். அவள் விஷயம் வீட்டுக்கே தெரிந்துபோனதால் அவளை மட்டும் பழைய எண்ணிலேயே விட்டிருந்தேன். மாமியார் பெயரில் வரிகள் வந்தன. பிள்ளைகள் பெயரிலும் வந்தன. அவள் பெயரில் எதுவும் வரவில்லை. சரி, நன்றாக இருக்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரே ஒரு வரி வந்திருந்தது. வீட்டில் பிரசவம், அதிக ரத்தப்போக்கு, குழந்தை உயிரோடு இல்லை, திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். அவ்வளவுதான்.

அவளுடைய முந்தைய மூன்று பிரசவங்களின் பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தேன். மாதம் தவறாமல் வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை, இரும்பு மாத்திரை, ஊசி எல்லாம் வரிவரியாக இருந்தன. இந்த நான்காவதுக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. ரத்தம் குறைந்த பெண், ஒன்பது மாதமும் ஏன் டாக்டரைப் பார்க்க வராமல் இருந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. மாமியார் விட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பெயரில் எந்த வரியும் இல்லை. பிழைத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. புதூர்ப் பக்கம் எத்தனையோ பஸ் போகிறது. ஒரு நாள் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். இருபது வருஷத்துக்கு மேல் நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு பாக்கியம் அக்கா இறந்துபோனார். துஷ்டிக்குப் போனேன். அவர் மகள் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். "அம்மா உங்கள அடிக்கடி சொல்லும் சார். ரொம்ப மூளைக்காரர்னு" என்றாள். நடந்த எதையும் அக்கா தன் மகளிடம் சொல்லியிருக்கவில்லை. என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றுவிட்டு வந்தேன். அடுத்த மாதம் புதூர் பஸ்ஸில் ஏறினேன்.

முத்துமாரி உயிரோடு இருந்தாள். வீட்டு வாசலில் சாக்கை விரித்து, மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையில் நரை நிறைய இருந்தது. மாமியார் காலமாகிவிட்டார், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, கணவன் கயத்தாறு போயிருக்கிறான் என்று நான் கேட்காமலே சொன்னாள். யாரோ ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வந்தவர் என்று என்னை நினைத்திருக்கிறாள். உட்காரச் செம்மறியாடு கட்டும் பக்கமிருந்த ஒரு கல்லைக் காட்டினாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னேன்.

"நான் அங்க வாரதில்லையே" என்றாள்.

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தாள் எப்படி வந்தது, அதைச் செய்தது யார், நோட்டில் எதை விட்டேன், மேனேஜர் முன்னால் எப்படி நின்றேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"அப்பம் பாக்கியம் அக்கா இல்லையா அது?"

"இல்லம்மா. அவிய ஒண்ணுமே சொல்லல. நான்தான்."

"அவிய யார்ட்டயோ சொல்லித்தான் எங்க மாமியா காதுக்கு வந்துச்சுன்னு நெனச்சேன். தாளு, கம்ப்யூட்டருன்னு நான் என்னத்தக் கண்டேன்? கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு இப்படிப் பண்ணிட்டாவளேன்னு எத்தன நாளு ஏசியிருக்கேன் தெரியுமா?" கை அப்போதுதான் நின்றது. "நாலாவது உண்டானப்போ வீட்டுல போகச் சொன்னாவ. எங்க மாமியாளே சொன்னா. நான்தான் போகல. அங்க போனா வாசல்லயே அவிய இருப்பாவளே, அவிய மூஞ்சில எப்படி முழிக்கன்னு வீட்டுலயே கெடந்துட்டேன்."

அவள் அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்த அந்த ஒன்பது மாதமும் பாக்கியம் அக்கா வாசல் பக்கமே இல்லை. பின்கட்டில் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதை நான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"அவிய இப்பம் எங்கன இருக்காவ?" என்று கேட்டாள். "ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துருதேன்."

"போன மாசம் தவறிட்டாவ."

என்னை அவள் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"நீங்க போனீங்களா?"

"போனேன்."

"ஒரு வார்த்த முன்னமே வந்து சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்" என்றாள்.